வீட்டுல தையல் மெஷின் வெச்சிருக்கீங்களா? கழுத்து, இடுப்பு வலி வராம தைக்க இடத்தை இப்படி அமைங்க!

உயரம், வெளிச்சம், நாற்காலி, மிதி... எதை முதல்ல சரி பண்ணணும்? அரசு உதவி என்னென்ன? முழு விவரம்.

காஞ்சிபுரத்தில் இருந்து உத்திரமேரூர் போகும் வழியில் இருக்கிறது திருப்புலிவனம். வியாக்ரபுரீஸ்வரர் கோயிலால் பலருக்கும் தெரிந்த ஊர். சுற்றிலும் நெல் வயல், ஏரிப் பாசனம். நடவு, அறுவடை இல்லாத மாதங்களில் வீட்டோடு இருந்து சம்பாதிக்க வழி தேடும் பெண்களுக்கு, இதுபோன்ற ஊர்களில் முதலில் நினைவுக்கு வருவது தையல் மெஷின்தான். ஜாக்கெட், சுடிதார், ஸ்கூல் யூனிஃபார்ம், பழைய துணி ஆல்டர் பண்ணுவது என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒரு வேலை இருக்கும்.

ஆனால் மெஷின் வாங்கும்போது விலை, கம்பெனி, மோட்டார் எல்லாம் விசாரிக்கும் நாம், அதை வீட்டில் எங்கே வைப்பது, எதில் உட்கார்ந்து தைப்பது என்பதை யோசிப்பதில்லை. காலியாக இருக்கும் மூலையில் மெஷின், கையில் கிடைத்த பிளாஸ்டிக் நாற்காலி, மேலே ஒரு பல்பு. சில மாதங்களில் கழுத்து பிடிக்க ஆரம்பிக்கும். அப்புறம் தோள், இடுப்பு, முழங்கால். "தையல்னாலே வலி வரத்தான் செய்யும்" என்று பழகிக்கொள்கிறார்கள். கடைசியில், நாலு மணி நேரம் தைத்தவர் ரெண்டு மணி நேரத்தில் எழுந்துவிடுகிறார். வருமானம் பாதியாகிறது.

இந்த வலியில் பெரும்பகுதிக்கு காரணம் வயசோ, தையலோ இல்லை. அளவு பொருந்தாத உயரம். அடுத்தவர் உடம்புக்கு அளவெடுத்து தைப்பவர், தன் உடம்புக்கு அளவெடுத்து இடத்தை அமைத்துக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் விஷயம். அதை சரி செய்ய பெரிய செலவும் தேவையில்லை. ஒரு அளவு டேப் போதும்.

வலி எங்கிருந்து வருது?

தைக்கும்போது உடம்பில் மூன்று வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது. கண், ஊசி முனையைப் பார்க்கணும். கை, துணியை நகர்த்தணும். கால், மிதியை மிதிக்கணும். இந்த மூன்றும் மூன்று இடத்தில் இருக்கின்றன. நடுவில் மாட்டிக்கொள்வது முதுகு.

• மெஷின் தாழ்வாக இருந்தாலோ வெளிச்சம் குறைவாக இருந்தாலோ, கண் ஊசியைத் தேடி கீழே போகும். கழுத்து முன்னால் வளையும். தலையின் எடையை மணிக்கணக்கில் கழுத்துத் தசைதான் தாங்கணும்.
• மெஷின் அதிக உயரத்தில் இருந்தால், கையைத் தூக்கியபடியே தைக்கணும். தோள் காதை நோக்கி ஏறும். தோள்பட்டை இறுகிப்போகும்.
• மிதி ரொம்ப உள்ளே இருந்தால், காலை எட்ட வைக்க நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவோம். முதுகு சாய இடமில்லாமல் இடுப்பு வலிக்கும்.

ஒன்றை மட்டும் சரி செய்தால் மற்றது கெடும். அதனால் ஒரு வரிசை முக்கியம்: முதலில் உட்காரும் உயரம், அடுத்தது மெஷின் உயரம், பிறகு மிதி, கடைசியில் வெளிச்சம்.

உட்காரும் உயரம் எவ்வளவு இருக்கணும்?

கால் மிதியில் இருக்கும் நிலையில் பாருங்க. மிதி தரையில் இருந்து கொஞ்சம் உயரத்தில் இருக்கிறது. அதனால் தரையில் கால் வைத்து உட்காரும்போது சரியாக இருக்கும் நாற்காலி, மிதியில் கால் வைத்ததும் தாழ்வாகிவிடும். முட்டி மேலே தூக்கி, மேஜையின் அடிப்பக்கத்தில் இடிக்கும்.

சரியான உயரம் எது என்று தெரிந்துகொள்ள, மிதி நேராக இருக்கும்போது இரண்டு பாதத்தையும் முழுசாக அதில் வையுங்க. தொடை தரைக்கு இணையாகவோ, முட்டி இடுப்பைவிட சற்று தாழ்வாகவோ இருக்கணும். முட்டி இடுப்பைவிட மேலே இருந்தால் இருக்கை தாழ்வு. குதிகால் மிதியில் படாமல் எழும்பினால் இருக்கை உயரம்.

முதுகு சாய்மானம் உள்ள நாற்காலி நல்லது. ஆனால் கைப்பிடி வேண்டாம். கைப்பிடி இருந்தால் மெஷினுக்கு அருகில் போக முடியாது, துணியும் அதில் மாட்டும். முக்காலிதான் இருக்கு என்றால், சுவர் முதுகுக்குப் பின்னால் வரும்படி போட்டுக்கங்க. இடைவேளையில் சாய்ந்துகொள்ள உதவும்.

சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி, கால் மிதி மெஷினுக்கு ஒத்து வராது. மிதிக்கும் ஒவ்வொரு முறையும் நாற்காலி பின்னால் ஓடும்.

மெஷின் உயரத்தை எப்படி அளப்பது?

அளக்க வேண்டியது மேஜையை இல்லை, ஊசி இறங்கும் தகடை. கை வேலை செய்யும் இடம் அதுதான்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தோளைத் தளர்த்தி, கையை மடக்குங்க. தரையில் இருந்து முழங்கை வரை வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்க. அடுத்து தரையில் இருந்து ஊசித் தகடு வரை அளங்க. தகடு முழங்கை மட்டத்திலோ, அதைவிட சில செ.மீ. உயரமாகவோ இருந்தால் சரி. தையல் என்பது கண்ணுக்கும் வேலை வைக்கும் தொழில் என்பதால், எழுதும் மேஜையைவிட இது கொஞ்சம் உயரமாக இருப்பதில் தப்பில்லை. ஆனால் தைக்கும்போது தோள் தானாகவே மேலே ஏறினால், உயரம் அதிகம் என்று அர்த்தம்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு பார்க்கலாம். நாற்காலி உயரம் 43 செ.மீ. இருக்கையில் இருந்து உங்கள் முழங்கை 21 செ.மீ. மொத்தம் 64. ஊசித் தகடு 75 செ.மீ. உயரத்தில் இருந்தால், கை 11 செ.மீ. மேலே தூக்கி நிற்கிறது. இதுதான் தோள்பட்டை வலியின் காரணம். இருக்கை மேல் 2 அங்குலம், அதாவது 5 செ.மீ. கனத்தில் கெட்டியான மெத்தை போட்டால் வித்தியாசம் 6 செ.மீ. ஆகக் குறையும். முட்டியும் கீழே இறங்கும். ஒரே மாற்றத்தில் ரெண்டு பிரச்சனை தீரும்.

இதற்கு கடை மெத்தைதான் வேணும் என்றில்லை. பழைய பெட்ஷீட்டை இறுக்கமாக மடித்து, மேலே வெட்டித் துணிகளை வைத்து நீங்களே ஒரு உறை தைத்துக்கலாம். ரொம்ப மெத்தென்று இருந்தால் உட்கார்ந்ததும் அமுங்கி, உயரம் போய்விடும். கெட்டியாக இருக்கணும்.

டைனிங் டேபிள் மேல் வைக்கிற எலெக்ட்ரிக் மெஷின்னா?

இங்கேதான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்டாண்டோடு வரும் கருப்பு மெஷின் மேஜைக்குள் பதிந்து இருக்கும். தகடும் மேஜையும் ஏறக்குறைய ஒரே மட்டம். ஆனால் கையில் தூக்கிப்போகும் எலெக்ட்ரிக் மெஷினை சாதாரண மேஜை மேல் வைத்தால், அதன் அடிப்பகுதி உயரமும் கூடச் சேரும். மேஜை 75 செ.மீ., மெஷினின் அடிப்பகுதி 8 செ.மீ. என்றால் துணி நகரும் இடம் 83 செ.மீ. மேலே சொன்ன கணக்குப்படி முழங்கையைவிட 19 செ.மீ. அதிகம்.

இதற்கு ரெண்டு வழி. ஒன்று, தாழ்வான மேஜை. கார்ப்பென்டரிடம் சொல்லி பழைய மேஜையின் காலை அளவு பார்த்து அறுத்துக்கலாம். இன்னொன்று, இருக்கையை உயர்த்துவது. இருக்கையை 10 செ.மீ. உயர்த்தினால் காலுக்கு அடியிலும் அதே உயரத்துக்கு பலகை போட்டு, பெடலை அந்தப் பலகை மேல் வைக்கணும். கால் அந்தரத்தில் தொங்கக் கூடாது.

பெடல் மிதிக்கும் மெஷினில் ஒரு கால் மட்டும் வேலை செய்யும். இன்னொரு காலை நாற்காலிக்கு அடியில் மடக்கி வைப்பதுதான் பலரின் பழக்கம். இதனால் இடுப்பு ஒரு பக்கமாகச் சாயும். பெடல் உயரத்துக்கே ஒரு மரக்கட்டையை மற்ற காலுக்கும் வைங்க. பெடல் வழுக்கி ஓடாமல் இருக்க, அடியில் ரப்பர் மேட் போடுங்க.

உட்காரும் இடம்: மேஜைக்கு நடுவிலா, ஊசிக்கு நேராகவா?

ஊசிக்கு நேராக. மெஷினின் ஊசி மேஜையின் நடுவில் இல்லை, இடது பக்கம் இருக்கிறது. மேஜைக்கு நடுவில் நாற்காலி போட்டால், நாள் முழுக்க உடம்பு இடது பக்கம் திரும்பியே இருக்கும். மூக்குக்கு நேரே ஊசி வரும்படி நாற்காலியை நகர்த்துங்க. எலெக்ட்ரிக் மெஷின் என்றால் பெடலையும் அதே கோட்டுக்குக் கொண்டு வாங்க.

கால் மிதி மெஷினில் மிதி ஸ்டாண்டோடு சேர்ந்தது, அதை நகர்த்த முடியாது. நாற்காலியை ஊசிக்கு நேராகப் போட்டு, காலை மட்டும் மிதியின் இடது பாதியில் வைத்துப் பழகலாம். இரண்டு பாதமும் ஒரே வரிசையில் வேண்டாம். ஒரு பாதம் சற்று முன்னால், இன்னொன்று சற்று பின்னால் இருந்தால், குதிகாலும் விரலும் மாறி மாறி வேலை செய்யும். கெண்டைக்கால் சீக்கிரம் சோர்வடையாது.

ஸ்டாண்டை உயர்த்தலாமா?

உயரமானவர்களுக்கு மெஷின் தாழ்வாக இருக்கும். உடனே நாலு காலுக்கும் செங்கல் வைப்பார்கள். கவனம் தேவை. கால் மிதி மெஷினில் ஸ்டாண்டை உயர்த்தினால் மிதியும் சேர்ந்து உயரும். அப்போது இருக்கையையும் அதே அளவு உயர்த்தணும். அப்படி உயர்த்தினால் முட்டிக்கும் மேஜைக்கும் உள்ள இடைவெளியோ, கைக்கும் தகடுக்கும் உள்ள இடைவெளியோ மாறவே மாறாது. செங்கல் வைத்ததில் பலன் பூஜ்யம்.

அதற்குப் பதில் ஒரு சின்ன வித்தை இருக்கு. பின்னால் உள்ள ரெண்டு காலை மட்டும் கொஞ்சம் உயர்த்துங்க. மேஜை உங்களை நோக்கி லேசாகச் சாயும். ஊசி முனை கண்ணுக்கு நன்றாகத் தெரியும், கழுத்து வளைவது குறையும். தையல் தொழிலாளர்களின் உட்காரும் முறை பற்றிய ஆய்வுகளிலும் இந்தச் சாய்மானம் பரிந்துரைக்கப்படுகிறது.

முதலில் 2 செ.மீ. மட்டும் உயர்த்திப் பாருங்க. ஸ்டாண்டின் கால் உட்காரும் அளவுக்குப் பள்ளம் தோண்டிய மரக்கட்டை வைத்தால் வழுக்காது. செங்கல், ஓட்டுத்துண்டு வேண்டாம், அதிர்வில் நகர்ந்துவிடும். கத்தரிக்கோல் சரிந்து மடியில் விழாமல் இருக்க, மேஜையின் முன் விளிம்பில் மெல்லிய மரப்பட்டை ஒன்று அடிச்சுக்கங்க.

சிமென்ட் தரை மேடு பள்ளமாக இருந்தால் மெஷின் ஆடும். ஆடுகிற மெஷினை நாம் அறியாமலேயே கையால் அழுத்திப் பிடித்து தைப்போம். பழைய சைக்கிள் டியூபை வெட்டி காலுக்கு அடியில் மடித்து வைத்தால், ஆட்டமும் சத்தமும் குறையும்.

மிதி கனமா இருக்கா? வலிக்கு அதுவும் காரணம்

முழங்கால் வலிக்கிறது என்று மோட்டார் மாட்டும் முன், மெஷினைப் பாருங்க. எண்ணெய் போடாத மெஷின், பஞ்சு அடைத்த ஷட்டில், அளவுக்கு அதிகமாக இறுக்கிய பெல்ட் ஆகிய மூன்றும் மிதியை கனமாக்கும்.

• தினமும் தைப்பவர்கள், தினமும் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு துளையிலும் ஓரிரு சொட்டு விடணும். தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய் வேண்டாம். நாளாக ஆக பிசுபிசுப்பாகி இறுகும்.
• மேல் பகுதிக்கு எண்ணெய் போடுபவர்கள் மறப்பது, கீழே இருக்கும் பெரிய சக்கரத்தின் அச்சையும், மிதியையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியின் மூட்டுகளையும். கனம் பெரும்பாலும் இங்கேதான்.
• பெல்ட் வழுக்காத அளவுக்கு மட்டும் இறுக்கம் போதும்.
• ஷட்டில் பகுதியில் சேரும் பஞ்சை வாரத்தில் ரெண்டு முறையாவது பிரஷ்ஷால் தட்டுங்க.
• துணிக்கு ஏற்ற ஊசி போடுங்க. பட்டு, ஷிஃபான் போன்ற மெல்லிய துணிக்கு 9 அல்லது 11, சாதாரண காட்டனுக்கு 14, கனமான யூனிஃபார்ம் துணிக்கு 16. முனை மழுங்கிய ஊசியில் துணியை இழுத்து இழுத்துத் தைக்க வேண்டி வரும். மணிக்கட்டு வலிக்கு இதுவும் ஒரு காரணம்.

வெளிச்சம் எவ்வளவு வேணும்?

தையல் வேலைக்கு சர்வதேச தரப்படி பரிந்துரைக்கப்படும் வெளிச்சம் 750 லக்ஸ். லக்ஸ் என்பது ஒரு இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு. வீட்டு ஹாலில் ஒற்றை பல்பு தரும் வெளிச்சம் இதில் ஒரு சின்ன பங்குதான்.

அதற்காக பெரிய பல்பு வாங்க வேண்டியதில்லை. பல்பை அருகில் கொண்டு வந்தால் போதும். தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு ஆகும். எட்டடி உயரத்தில் சுவரில் எரியும் அதே 9 வாட்ஸ் எல்.இ.டி. பல்பை, மூடி போட்ட மேஜை விளக்கில் மாட்டி, துணியில் இருந்து ஒன்றரை அடி தூரத்தில் வைத்துப் பாருங்க. வித்தியாசம் உடனே தெரியும்.

விளக்கு இடது பக்கம் இருக்கணும். மெஷினின் தூண் பகுதி வலது பக்கம் இருப்பதால், வலது பக்க வெளிச்சத்தை அது மறைத்து, ஊசி மேல் நிழல் விழும். பல்பு நேராகக் கண்ணில் படாதபடி மூடி இருப்பது அவசியம். கருப்பு, கரு நீலத் துணி தைக்கும்போது விளக்கை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துக்கங்க.

பகலில் ஜன்னல்தான் சிறந்த விளக்கு. ஜன்னல் இடது கைப் பக்கம் வரும்படி மெஷினைப் போடுங்க. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் கண் கூசும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் உங்கள் நிழலே துணி மேல் விழும். கிழக்கு, மேற்கு ஜன்னலில் நேர் வெயில் வரும். வடக்கு ஜன்னல் வெளிச்சம் சீராக இருக்கும். மே, ஜூன், ஜூலை மாதங்களில் மட்டும் நம் பகுதியில் வடக்கிலும் சாய்வாக வெயில் எட்டிப் பார்க்கும். ஒரு மெல்லிய வெள்ளைத் திரை போதும். நூல் கலர் பொருத்தம் பார்ப்பதை பகல் வெளிச்சத்திலேயே முடிச்சுடுங்க.

நாற்பது வயசுக்கு மேல நூல் கோர்க்க முடியலையா?

இது பார்வை கெட்டுப்போனது இல்லை. வெள்ளெழுத்து. நாற்பது வயசை ஒட்டி கிட்டப் பார்வை மங்குவது எல்லாருக்கும் வருவது. கண்ணாடி போடத் தயங்கி, துணிக்கு மேல் குனிந்தோ, தலையைப் பின்னால் இழுத்தோ தைப்பவர்கள் அதிகம். கழுத்து வலியின் ஆரம்பம் இதுவாகவும் இருக்கலாம்.

அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயசுக்கு மேற்பட்ட தொழிலாளர்களிடம் நடந்த ஒரு ஆய்வு, 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியானது. கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுக்கப்பட்டவர்கள் பறித்த இலையின் அளவு, கண்ணாடி இல்லாதவர்களைவிட சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. இலை பறிப்பதற்கே இப்படி என்றால், ஊசி முனையைப் பார்த்துச் செய்யும் வேலைக்கு கண்ணாடி எவ்வளவு முக்கியம் என்று யோசிச்சுப் பாருங்க.

கண் பரிசோதனைக்குப் போகும்போது, "நான் தையல் வேலை செய்யறேன்" என்று சொல்லுங்க. கண்ணில் இருந்து ஊசி வரை உள்ள தூரத்தை வீட்டிலேயே அளந்துகொண்டு போங்க. புத்தகம் படிக்கும் தூரமும் தைக்கும் தூரமும் ஒன்றாக இருக்காது. பவரும் அதற்கேற்ப மாறும்.

வெட்டுவது தரையிலா? யோசிங்க

தைக்கும் நேரத்தில் கவனமாக இருந்துவிட்டு, துணியைத் தரையில் விரித்து குனிந்து வெட்டினால் எல்லாம் வீண். நின்றுகொண்டு வெட்டும் பலகை, உங்கள் முழங்கைக்கு 5 முதல் 10 செ.மீ. கீழே இருந்தால் சரியாக இருக்கும்.

தனி கட்டிங் டேபிளுக்கு இடமில்லாத வீட்டில், சுவரில் கீல் வைத்து மடக்கும் பிளைவுட் பலகை அடிக்கலாம். வேலை முடிந்ததும் சுவரோடு மடிச்சுடலாம். அயர்ன் பண்ணவும் அதே உயரம் ஒத்து வரும். கட்டில் மேல் விரித்து வெட்டுவது, தரையில் வெட்டுவதைவிட கொஞ்சம்தான் மேல்.

கத்தரிக்கோல், நூல்கண்டு, பாபின், சாக்பீஸ் எல்லாம் உட்கார்ந்தபடி கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். இடது பக்கம் மேஜை உயரத்துக்கு ஒரு ஸ்டூல் போடுங்க. பாவாடை, நைட்டி போன்ற பெரிய துணிகளின் எடை அதில் தங்கும். இல்லாவிட்டால் தொங்கும் துணியின் எடையையும் சேர்த்து கைதான் இழுக்கணும். தைக்க வேண்டிய கட்டைத் தரையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் குனிந்து எடுக்காதீங்க. அதையும் ஸ்டூல் மேல் வைங்க.

திண்ணையா, ஹாலா, மாடியா?

திண்ணையில் நல்ல வெளிச்சம், காற்று. துணி கொடுக்க வருபவர்களுக்கும் வசதி. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் அடிக்கும். மெஷினும் ஊசியும் துரு பிடிக்கும், வாடிக்கையாளர் துணியில் கறை படும். திண்ணையில் வைத்தால் மழைக்காலத்துக்கு உள்ளே ஒரு இடம் பார்த்து வைங்க.

ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரைக்குக் கீழே கோடைக்கால மதியத்தில் தைப்பது உடம்புக்கு ஆகாது. காலை, மாலை என்று நேரத்தைப் பிரிச்சுக்கங்க. பக்கத்திலேயே தண்ணீர் பாட்டில் வைங்க. சீலிங் ஃபேன் காற்று துணியைப் பறக்கவிடும் என்று ஃபேனை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். டேபிள் ஃபேனை பக்கவாட்டில், முகத்துக்கும் தோளுக்கும் மட்டும் படும்படி வைத்தால் துணி பறக்காது.

மெஷினுக்கு அடியில் சேரும் பஞ்சுத் தூசியை ஈரத்துணியால் துடைங்க. விளக்குமாறால் பெருக்கினால் தூசி மூச்சில் ஏறும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனிக்க வேண்டியவை

• உடைந்த ஊசியை மூடியுள்ள ஒரு டப்பாவில் போடுங்க. எண்ணிப் போட்டால் தரையில் துண்டு தங்காது.
• பட்டன், ஹூக், குண்டூசி குழந்தை எட்டாத உயரத்தில் இருக்கணும்.
• முந்தானை, துப்பட்டாவை இழுத்துச் செருகுங்க. தலைமுடியைக் கட்டுங்க. சுற்றும் சக்கரத்தில் சிக்கினால் ஆபத்து. சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் மறைப்பு இருக்கான்னு பாருங்க.
• மோட்டார் மெஷினுக்கு எர்த் உள்ள பிளக் பாயின்ட் வேணும். ஒட்டுப்போட்ட ஒயர், நடைபாதையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. ஊசி மாற்றும்போதும், எழுந்து போகும்போதும் சுவிட்சை அணைங்க.

மோட்டார் போட்டா கரண்ட் பில் எகிறுமா?

பயப்பட வேண்டாம். வீட்டு மெஷினில் மாட்டும் சின்ன மோட்டார் 100 வாட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். தினமும் 4 மணி நேரம் ஓடினால் 0.4 யூனிட். ரெண்டு மாதத்துக்கு 24 யூனிட். 9 வாட்ஸ் விளக்குக்கு அதே கணக்கில் 2 யூனிட் சொச்சம்தான். ஆனால் மின்சாரம் போகும் நேரத்துக்காக மிதியைக் கழற்றாமல் வைத்துக்கொள்வது நல்லது.

எவ்வளவு நேரம் தொடர்ந்து தைக்கலாம்?

எவ்வளவு சரியாக உட்கார்ந்தாலும், அசையாமல் உட்கார்ந்தால் வலி வரும். அரை மணி நேரத்துக்கு ஒரு முறை ஓரிரு நிமிடம் எழுந்து நிற்கணும். இதற்கு அலாரம் வேண்டாம். அயர்ன் பாக்ஸை கை எட்டாத இடத்தில் வைங்க. ஒவ்வொரு பீஸுக்கும் எழுந்துதான் ஆகணும்.

20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் இருக்கும் எதையாவது 20 நொடி பாருங்க. வாசல் மரம் போதும். தோளை முன்னும் பின்னும் சுழற்றுங்க. குதிகாலைத் தூக்கி இறக்குங்க.

தீபாவளி, பொங்கல், ஜூன் மாத ஸ்கூல் சீசனில் இந்த விதியெல்லாம் காற்றில் போய்விடும். இரவு ஒரு மணி வரை தைப்பவர்கள் இருக்கிறார்கள். கழுத்தும் கையும் அதிகம் அடிவாங்குவது அந்தச் சில வாரங்களில்தான். ஆர்டர் வாங்கும்போதே நாள் சொல்லி வாங்கினால் பாதிச் சுமை குறையும்.

இரவில் விரல் மரத்துப்போவது, கையில் பிடிமானம் குறைவது, இடுப்பில் இருந்து காலுக்கு இறங்கும் வலி ஆகியவை இருந்தால், மெத்தையும் விளக்கும் மட்டும் போதாது. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, உத்திரமேரூர் அரசு மருத்துவமனையிலோ காட்டுங்க. தள்ளிப்போட வேண்டாம்.

அரசு உதவி என்னென்ன இருக்கு?

தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டத்தில் உள்ள, 8-ம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு ஆண்டுக்கு 4 செட் விலையில்லா சீருடை வழங்கப்படுகிறது. இதைத் தைப்பது சமூக நலத்துறையின் கீழ் இயங்கும் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவு சங்கங்களின் உறுப்பினர்கள். அவர்களில் வீட்டிலேயே வைத்துத் தைத்துக் கொடுப்பவர்கள் நிறைய பேர். தொழிற்சாலைக்கு இருக்கும் விதிமுறைகள் வீட்டு மூலைக்கு வராது. அதனால் நாற்காலி, வெளிச்சம் பற்றி நாமேதான் கவனிக்கணும்.

• சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரம் வழங்கும் திட்டம்: ஆதரவற்ற விதவைகள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிப் பெண்கள், ஏழைப் பெண்களுக்கு. வயது 20 முதல் 40. தையல் தெரிந்திருக்கணும். மாவட்ட சமூக நல அலுவலகத்தை அணுகலாம்.
• மாற்றுத்திறனாளிகளுக்கு மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம்: மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் வழங்கப்படுகிறது. காலால் மிதிக்க முடியாதவர்களுக்குப் பெரிய உதவி.
• கலைஞர் கைவினைத் திட்டம்: 2025 ஏப்ரல் 19-ல் காஞ்சிபுரம் மாவட்டம் குன்றத்தூரில் தொடங்கி வைக்கப்பட்டது. 25 வகைத் தொழில்களில் தையலும் உண்டு. 35 வயது நிறைந்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50 ஆயிரம் ரூபாய் மானியம் என அறிவிக்கப்பட்டது. மாவட்ட தொழில் மையத்தில் விவரம் கேட்கலாம்.

வருமான வரம்பும் விதிமுறைகளும் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் முன் அந்தந்த அலுவலகத்திலோ, இ-சேவை மையத்திலோ கேட்டு உறுதி பண்ணிக்கங்க. கடன் வாங்கி மெஷின் எடுப்பவர்கள், மெஷின் விலையோடு நல்ல நாற்காலி, விளக்கு, வெட்டும் பலகைக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்க.

எதை முதல்ல செய்யணும்?

செலவே இல்லாதவை, இன்னைக்கே செய்யலாம்:
• நாற்காலியை ஊசிக்கு நேராக நகர்த்துங்க
• ஜன்னல் இடது பக்கம் வரும்படி மெஷினைத் திருப்புங்க
• முழங்கையையும் ஊசித் தகடையும் அளங்க
• மிதி, பெரிய சக்கரம், ஷட்டில் மூன்றையும் துடைத்து எண்ணெய் விடுங்க

கொஞ்சம் செலவு, இந்த மாதத்துக்குள்:
• கெட்டியான இருக்கை மெத்தை
• மூடி போட்ட மேஜை விளக்கு
• பின் காலுக்கு பள்ளம் தோண்டிய மரக்கட்டை
• நாற்பது வயசைத் தாண்டியவர்களுக்கு கண் பரிசோதனை

பிறகு பார்த்துக்கலாம்:
• சுவரில் மடக்கும் வெட்டும் பலகை
• மோட்டார்

பலரும் இந்தப் பட்டியலைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் மோட்டார் வாங்குகிறார்கள். வேகம் கூடுகிறது, அதே கோணல் நாற்காலியில் கூடுதல் நேரம் உட்காருகிறார்கள், வலியும் கூடுகிறது. முதலில் இருக்கை, அடுத்து வெளிச்சம், அப்புறம்தான் மோட்டார். பத்து வருஷம் கழித்தும் அதே மெஷினில் வலி இல்லாமல் தைக்க இந்த வரிசை கைகொடுக்கும்.